மோட்டார் கொட்டகையில் இருபத்து மூன்று பேர்

ஓடுகிறார்கள்.

காலை பதினொன்று இருபது. சித்திரை வெயில். கொல்லை வேலியைத் தாண்டி, மூங்கில் குத்தைச் சுற்றிக்கொண்டு, பருத்தி வயலின் வரப்பில் என் சொந்தக்காரர்கள் ஓடுகிறார்கள். பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். சிலர் கையில் செருப்பு. ஒருத்தி கையில் ஆரத்தித் தட்டு. அதைக் கீழே வைக்க அவளுக்குத் தோன்றவில்லை. சிவப்புத் தண்ணீர் அவள் புடவையெல்லாம் வழிகிறது.

"அக்கா, ஜீப்பு வந்துட்டு! நம்ம ஆளுங்கள பின்னால போகச் சொல்லு!"

கத்தியது என் தம்பி சுந்தர். மாரியம்மன் கோயில் முனையில் காவலுக்கு நின்றவன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவோடு ஓடி வந்தான். ஐம்பத்திரண்டு வயது. கொஞ்சம் தொப்பை. அவன் அப்படி ஓடி நான் பார்த்து முப்பது வருடம் இருக்கும்.

நான் எண்ணுகிறேன். கணக்கு டீச்சருக்கு எண்ணாமல் இருக்க முடியாது. வேலி தாண்டியது பத்து. பதினைந்து. இருபது. சுந்தரும் அவன் மனைவி மாலாவும் கடைசி. மொத்தம் இருபத்து மூன்று.

வயல் நடுவே எங்கள் மோட்டார் கொட்டகை. பத்தடிக்குப் பத்தடி. தகரக் கூரை. ஜன்னல் கிடையாது. ஓர் இரும்புக் கதவு. உள்ளே போர் மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி, மூலையில் உர மூட்டை. எல்லாரும் உள்ளே போனார்கள். நெருக்கியடித்து நின்றார்கள். யாரோ சிரித்தார்கள். யாரோ என் காலை மிதிக்காதே என்றார்கள். சுந்தர் மோட்டாரைப் போட்டான். பேச்சுச் சத்தம் வெளியே கேட்காது என்று அவன் யோசனை.

கதவு திறந்து கிடந்தால் சந்தேகம் வரும். வெளியே பூட்டு தொங்கினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இது என் யோசனை.

பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பதினொன்று இருபத்து நான்கு.

இது வரைக்கும் உள்ளதைத்தான் எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் இப்போது சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கொரோனா காலத்தில் டீச்சர் வீட்டு அறுபதாம் கல்யாணத்தில் பட்டுப்புடவையோடு ஓடினார்களே, அந்தக் கதை. வரப்பில் யார் வழுக்கினார்கள், யார் செருப்பு சேற்றில் போனது, எல்லாம் சொல்வார்கள். நடித்துக் காட்டவும் ஆள் இருக்கிறது. போன தை மாதம் ஒரு மண்டபத்தில் என் எதிரிலேயே நடித்துக் காட்டினார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். ஆனால் அன்று அவர்கள் மேல் கோபம் இல்லை. அவர்கள் பாதிக் கதையில் நிறுத்திவிடுகிறார்கள். மீதி என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. இப்போதும் சரியாக வருவதில்லை.

நான் வசந்தா. வெண்ணாற்றுப் பாசனத்தில், தஞ்சாவூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். முப்பத்து நான்கு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். என் கணவர் சிவராமனுக்கு அந்தச் சித்திரையில் அறுபது நிறைந்தது. இரண்டாவது அலை அடித்த வருடம்.

திருக்கடையூரில் செய்வதாகத்தான் இருந்தோம். மாசியிலேயே குருக்களிடம் சொல்லி வைத்தாயிற்று. மாசியில் யாருக்கும் பயம் இல்லை. முதல் அலை முடிந்தது, தப்பித்தோம் என்று இருந்தோம். ஊர் ஊராகப் போய் நேரில் அழைத்தேன். வெற்றிலை பாக்கு வைத்து, குங்குமம் கொடுத்து, ஒரு வீடு விடாமல். கும்பகோணம், பட்டுக்கோட்டை, மன்னார்குடி. மகள் மாமியார் வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். சம்பந்தியை ஒரு தடவை அழைத்தால் போதாது.

பங்குனி கடைசியில் உத்தரவு வர ஆரம்பித்தது. திருவிழாக்கள் கூடாது. எங்கள் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவது நின்றது. கல்யாணத்துக்கு நூறு பேர் என்றார்கள். அப்புறம் ஐம்பது என்றார்கள். கோயில்களில் பூசை மட்டும் நடக்கும், ஜனங்கள் உள்ளே போகக் கூடாது என்றார்கள். திருக்கடையூர் போயிற்று. குருக்கள் போனில் வருத்தப்பட்டார். தள்ளி வைத்துக்கொள்ளலாமே என்றார்.

தள்ளி வைத்திருக்கலாம். இதை நான் எழுத வேண்டும். தள்ளி வைத்திருக்கலாம்.

பிறந்த நட்சத்திரத்தில் செய்யாவிட்டால் தோஷம் என்று யார் யாரோ சொன்னார்கள். நான் தோஷம் பார்க்கிறவள் இல்லை. எனக்குப் பிடிவாதம். அழைத்துவிட்டு இல்லை என்று சொல்வதா? வீட்டிலேயே செய்வோம் என்றேன். என் கணவர் வேண்டாம் வசந்தா என்றார். ஒரு தடவைதான் சொன்னார். அவர் எதையும் இரண்டு தடவை சொல்கிறவர் இல்லை.

எங்கள் கிராம நிர்வாக அலுவலர் ஜெயந்தி. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள். பக்கத்து ஊர்ப் பெண். அவளைப் பார்க்கப் போனேன். வீட்டு விசேஷங்களுக்கு அனுமதி இல்லை, கல்யாணத்துக்கு மட்டும்தான் என்றாள். நாங்களும் தாலிதானே கட்டுகிறோம், இது கல்யாணம் இல்லையா என்று மடக்கினேன். அவள் சிரித்துவிட்டாள். வகுப்பிலும் அவளை அப்படித்தான் மடக்குவேன்.

"அம்பது பேருக்கு மேல ஒரு ஆள் வேணாம் டீச்சர். உங்கள நம்பித்தான் சரிங்கிறேன்."

ஒரு நோட்டை எடுத்து ஐம்பது பெயர் எழுதினேன். மீதிப் பேருக்குப் போன் செய்தேன். வராதீர்கள் என்று சொல்ல வேண்டும். நாக்கு எழவில்லை. நேரில் போய்க் குங்குமம் கொடுத்து அழைத்தவர்களைப் போனில் எப்படி வராதே என்பது? நிலைமை இப்படி இருக்கிறது, பார்த்துக்கொண்டு வாருங்கள் என்றேன். எல்லாரிடமும் அதே வார்த்தை. எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால் அவசியம் வாருங்கள் என்று அர்த்தம். எனக்கும் அது தெரியும்.

வந்தார்கள். எழுபத்து மூன்று பேர்.

காலை ஆறு மணிக்கு ஹோமம். எட்டரைக்கு அபிஷேகம். எங்கள் இருவரையும் மணையில் உட்கார வைத்து ஒவ்வொருவராகக் கலசத் தண்ணீரை ஊற்றினார்கள். தண்ணீர் சில்லென்று இருந்தது. சுந்தர் ஊற்றும்போது வேண்டுமென்றே என் மூக்கில் ஊற்றினான். மாமா, அக்காவ இனிமேலாவது கொஞ்சம் அடக்கி வைங்க என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பத்தரைக்குத் தாலி.

முகக்கவசம் எல்லாரிடமும் இருந்தது. தாடையில் இருந்தது. போட்டோ எடுக்கும்போது அதுவும் இல்லை.

ஐம்பதுக்கு மேலே இருபத்து மூன்று. ஆள் வந்தால் என்ன செய்வது என்று முதல் நாளே பேசி வைத்திருந்தோம். யார் ஓட வேண்டும், யார் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தது நான். நோட்டில் பெயர்களை மாற்றி எழுதினேன். சம்பந்தி வீட்டாரை ஓடச் சொல்ல முடியுமா? என் கணவரின் ஆபீஸ் நண்பர்களைச் சொல்ல முடியுமா? வெளியார் எல்லாரும் கூடத்தில். நம் ஆட்கள்தானே, தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று பிறந்த வீட்டுச் சனத்தை மொத்தமாக ஓடுகிற பக்கம் போட்டேன். தம்பி, தம்பி மனைவி, பெரியப்பா மகன் நடராஜன் அண்ணன், சித்தி மகள் கோமதி, அவர்கள் பிள்ளைகள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கோமதி மட்டும் கேட்டாள், ஓடுறதுக்கு இந்தப் பொடவைதான் கட்டணுமா, முன்னாடியே சொல்லியிருந்தா நைட்டியில வந்திருப்பேனே என்று. அவள் எப்போதும் அப்படித்தான் பேசுவாள்.

அதனால்தான் கொட்டகைக்குள் போன இருபத்து மூன்று பேரும் என் இரத்தம்.

ஜீப் வாசலில் நிற்கிறது. பதினொன்று இருபத்து ஆறு. கதவு அடைபடும் சத்தம் இரண்டு தடவை. ஜெயந்தி இறங்குகிறாள். கூட ஒரு போலீஸ்காரர். வெயிலில் கறுத்துப் போன முகம். ஐம்பது வயது இருக்கும். நான் கொல்லையிலிருந்து கூடத்தைக் கடந்து வாசலுக்கு வருகிறேன். மூச்சு வாங்குகிறது. காட்டிக்கொள்ளவில்லை. கூடத்தில் முதல் பந்தி உட்கார்ந்திருக்கிறது. இலை போட்டு, உப்பு வைத்தாயிற்று.

ஜெயந்தி உள்ளே வரவில்லை. பந்தலிலேயே நின்றாள். அவள் சொன்னது மொத்தம் மூன்று நிமிடம். கீழத்தெருவில் முந்தின நாள் ஒருவருக்குத் தொற்று உறுதியாகிவிட்டது. கூடத்து ஜன்னல்களை எல்லாம் திறந்து வையுங்கள். பரிமாறுகிறவர்கள் முகக்கவசம் போடட்டும். வயதானவர்களைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். அவ்வளவுதான். கூடத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆளை எண்ணவில்லை. வருகிறேன் டீச்சர் என்று திரும்பினாள்.

திரும்பினாள். ஜீப்பை நோக்கி இரண்டு அடி வைத்தாள். நான் பார்த்தேன்.

போகட்டும் என்று விட்டிருக்க வேண்டும். பதினொன்று முப்பதுக்குக் கதவு திறந்திருக்கும். ஆறு நிமிடம். ஆறு நிமிடத்தில் என்ன ஆகியிருக்கும், ஆகாமல் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. டாக்டர்களுக்கும் தெரியாதாம். கேட்டேன்.

விசேஷ வீடு. இலை போட்டிருக்கிறது. வாசல் வரை வந்த பெண். என்னிடம் படித்த பெண். அவளைச் சாப்பிடாமல் அனுப்புவதா? பயம் ஒரு பக்கம். ஒளிக்க ஒன்றும் இல்லாத வீடு என்று காட்டிக்கொள்ளும் சாமர்த்தியம் ஒரு பக்கம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"ஜெயந்தி, சாப்பிடாம போகக் கூடாது. ஒரு வாய் சாப்ட்டுட்டுத்தான் போகணும்."

வேலை இருக்கிறது என்றாள். கையைப் பிடித்தேன். அந்தக் காலத்தில் யாரும் யார் கையையும் பிடிக்கக் கூடாது. பிடித்தேன். அவள் போலீஸ்காரரைப் பார்த்தாள். அவர் காலை ஐந்து மணியிலிருந்து செக்போஸ்ட்டில் நின்றவர். கடைகள் அடைப்பு. டீ கூடக் கிடைத்திருக்காது. அவர் கண் இலைப் பக்கம் போயிற்று. பந்தலிலேயே தனியாக இரண்டு நாற்காலி, ஒரு மேசை போடச் சொன்னேன். சரி டீச்சர், சீக்கிரம் என்றாள்.

இடுப்பில் சாவி குத்துகிறது. தூரத்தில் மோட்டார் ஓடும் சத்தம். விட்டு விடாமல் ஒரே சீராக. நான் பரிமாறுகிறேன். பச்சடி. கூட்டு. பொரியல். வடை. பருப்பு, நெய். ஜெயந்தி கொறிக்கிறாள். போலீஸ்காரர் சாப்பிடுகிறார். பசித்த மனிதர் சாப்பிடுகிற மாதிரி, பேசாமல், தலை குனிந்து. பாவமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. சீக்கிரம் முடியேன் ஐயா என்று உள்ளுக்குள் கத்துகிறேன். இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா என்று வாய் கேட்கிறது. போதும் என்று அவர் கையால் மறிக்கிறார். வைத்துவிட்டேன். சாம்பாருக்கு வைத்தேன். வற்றல் குழம்புக்கு வைத்தேன். ரசத்துக்கு வைத்தேன்.

பதினொன்று ஐம்பது. மோட்டார் நின்றது.

மும்முனை மின்சாரம் போய்விட்டது. அந்த வாரம் அப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் போகும். சுந்தர் தஞ்சாவூரில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தான். மின்சாரம் எப்போது போகும், வரும் என்று அவனுக்குத்தான் தெரியும். அவனும் உள்ளே. உள்ளே விளக்கும் அணைந்திருக்கும். தகரக் கூரை. உச்சி வெயில்.

திடீரென்று எல்லாம் அமைதி. வயலில் ஒரு கொக்குச் சத்தம் கூட இல்லை. போலீஸ்காரர் பாயசத்தை உறிஞ்சுகிறார். அப்போது கேட்டது.

இருமல்.

ஒரு தடவை. அடக்கி, அடக்க முடியாமல் வந்த இருமல். அப்புறம் இன்னொன்று. யாரோ வாயைப் பொத்தின மாதிரி பாதியில் நின்றது. நான் கரண்டியை வாளியில் போட்டேன். டங்கென்று சத்தம். வேண்டுமென்றே போட்டேன். போலீஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஜெயந்தி என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

மோர் ஊத்தட்டுமா என்று கேட்டேன்.

அவர்கள் எழுந்தது பன்னிரண்டு மணிக்கு. கை கழுவினார்கள். வெற்றிலைத் தாம்பூலம் கொடுத்தேன். என் கணவர் கும்பிட்டார். போலீஸ்காரர் நல்லா இருங்க அம்மா என்றார். ஜீப் புறப்பட்டது பன்னிரண்டு ஐந்து. கோயில் முனை திரும்புகிற வரை வாசலில் நின்றேன். பிறகு ஓடினேன். கூறைப்புடவையோடு நானும் வரப்பில் ஓடினேன். ஒரு வளையல் எங்கோ விழுந்தது.

பன்னிரண்டு ஒன்பதுக்குக் கதவைத் திறந்தேன்.

நாற்பத்தைந்து நிமிடம்.

முதலில் சூடு வந்து முகத்தில் அடித்தது. அப்புறம் வேர்வை நாற்றம். அப்புறம் சிரிப்பு. சிரித்துக்கொண்டே வந்தார்கள். கோமதி வந்து நேராக வாய்க்கால் தண்ணீரில் காலை வைத்தாள். நல்லா இடுப்ப வலிக்குது, இதுதான் உங்க வீட்டு உபசாரமா என்றாள். நடராஜன் அண்ணன் சட்டையைப் பிழிந்தார். யார் இருமியது என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பின்னால் சிலர் அதைத் தேடினார்கள். சென்னையிலிருந்து வந்தவர்களா, கீழத்தெருவா என்று. நான் தேடவில்லை. பூட்டியது யார் என்று தெரிந்த பிறகு இருமியது யார் என்று எதற்குத் தேட வேண்டும்?

சுந்தர் கடைசியாக வந்தான். ஸ்டார்ட்டரைப் பார்த்துவிட்டு, மூணு லைன்ல ஒரு பேஸ் போயிருக்கு என்றான். வேட்டியெல்லாம் கிரீஸ்.

ஐந்தாம் நாள் மாலாவுக்குக் காய்ச்சல். ஆறாம் நாள் கோமதி. ஏழாம் நாள் போனை எடுக்கவே பயமாக இருந்தது. கும்பகோணத்திலிருந்து. பட்டுக்கோட்டையிலிருந்து. வாசனை தெரியவில்லை. ருசி தெரியவில்லை. எட்டாம் நாள் எனக்கு. அவரும் நானும் தனித்தனி அறையில் படுத்துக் கிடந்தோம். அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. அவர் ஆயுளுக்குத்தானே அத்தனை கலசம் ஊற்றினார்கள். நன்றாகத்தான் வேலை செய்தது.

சுந்தர் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. வயது தகுதி இருந்தது. விசேஷம் முடியட்டும்கா, ஊசி போட்டா ரெண்டு நாள் காய்ச்சல் வருமாம், பந்தி வேலை கெட்டுடும் என்றான். நானும் சரி என்றேன். இதையும் எழுத வேண்டும்.

ஒன்பதாம் நாள் அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. உள்ளே படுக்கை காலியானால்தான் வெளியே ஒன்று நகரும். காலை ஏழு மணியிலிருந்து மத்தியானம் இரண்டரை வரை அவன் ஆம்புலன்ஸிலேயே ஆக்சிஜன் சிலிண்டரோடு கிடந்தான். அவன் மகள் கார்த்திகா பக்கத்தில். இருபத்து மூன்று வயது. அவளும் கொட்டகையில் இருந்தவள்தான். அவளுக்குச் சளி கூடப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு அரை மணிக்கும் எனக்குப் போன் செய்தாள். எண் சொல்லுவாள். ஆக்சிஜன் அளவு. எண்பத்து எட்டு. எண்பத்து ஆறு. எண்பத்து இரண்டு. வாழ்க்கை முழுக்க எண்களோடு இருந்தவள் நான். அடுத்த எண் வேண்டாம் என்று நினைத்தது அப்போதுதான்.

பதிமூன்றாம் நாள் காலை சுந்தரே பேசினான். நர்ஸ் போனைப் பிடித்துக்கொண்டார்களாம். ஆக்சிஜன் இரைகிற சத்தம் முதலில் கேட்டது. தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தது. நான் ஏதேதோ பேசினேன். சரியாயிடும்டா என்றேன். உனக்கு என்ன வேணும் என்றேன். அவன் மூச்சு வாங்கி வாங்கி ஒன்றுதான் கேட்டான்.

"சம்பந்தி வீட்ல... யாருக்கும் ஒண்ணும் இல்லியேக்கா?"

இல்லை என்றேன்.

"அப்ப சரி."

அதுதான் கடைசி. அன்று சாயங்காலம் நான்கு நாற்பதுக்குப் போய்விட்டான்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. அட பாவி, சாகும்போது கூட என் மரியாதையைக் காப்பாற்றினாயே என்று சுவரில் கையால் அடித்தேன். அவர் அடுத்த அறையிலிருந்து என்னாச்சு வசந்தா, என்னாச்சு என்று கத்தினார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே புரிந்துவிட்டது.

உடலை வீட்டுக்குத் தரவில்லை. நீலப் பையில் சுற்றி நேராகச் சுடுகாட்டுக்கு. சாவுக்கு இருபது பேர் வரலாம் என்று உத்தரவு. கார்த்திகா ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். எழுபத்து மூன்று பேரில் அவளைத் தவிர ஒருவராலும் வர முடியவில்லை. கொஞ்சம் பேர் படுக்கையில். நிறைய பேர் வீட்டு வாசலில், யாரும் வெளியே வராதபடி, தகரம் அடித்திருந்தது. சிலருக்குப் பயம். குறை சொல்ல மாட்டேன். மாலா ஆஸ்பத்திரியில் அதே கட்டிடத்தில் மேல் மாடியில் இருந்தாள். அவளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார்கள். சுடுகாட்டில் நான்கு பேர். மூன்று பேர் கவச உடை போட்ட பணியாளர்கள். ஒருத்தி கார்த்திகா. கொள்ளி வைத்தது அவள்தான்.

பிறகு நடராஜன் அண்ணன். பிறகு கோமதி. கோமதிக்கு எழுந்து நடமாடுகிற அளவுக்குச் சரியாகிவிட்டது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் குளிக்கப் போனவள் குளியலறையிலேயே விழுந்தாள்.

ஆனி மாதம் ஜெயந்தி வந்தாள். வீடு வீடாகக் கணக்கெடுக்கிற வேலை. யாருக்கு வந்தது, எத்தனை பேர், எத்தனை நாள். வாசலிலேயே நின்றாள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. நோட்டைத் திறந்தாள். எழுதவில்லை. மூடிவிட்டாள்.

"அன்னிக்கு இருமல் எனக்கும் கேட்டுச்சு டீச்சர். உள்ள ஆள் இருக்காங்கன்னு தெரியும். அத்தன பேர் முன்னால உங்கள எப்படிக் கேக்கறது? பேசாம சாப்ட்டேன்."

அழுதாள். நான் அவளைத் தேற்றவில்லை. தேற்றுகிற நிலையில் நான் இல்லை. நீ திட்டியிருக்கலாமே, எல்லார் எதிரிலும் என் மானத்தை வாங்கியிருக்கலாமே என்று நினைத்தேன். அவள் மேல் தப்பு இல்லை. அவள் என்னை நம்பினாள். நான் அவளிடம் தாலி கட்டுவதால் கல்யாணம்தான் என்று வக்கீல் மாதிரி வாதாடினேன். அந்த ஐம்பது என்ற எண்ணை எங்கள் கையைக் கட்டுகிற கயிறு என்றுதான் நினைத்தேன். அதற்குள் எப்படி நுழைவது, வெளியே எப்படி வருவது என்றுதான் மூளை போயிற்று. அது எங்களுக்காக வைத்தது என்று ஒரு தடவை கூடத் தோன்றவில்லை. பிள்ளைகளிடம் கேள்வியை இரண்டு தடவை படி என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவள் நான்.

கொட்டகையை இடித்துவிட்டோம். மோட்டார் இப்போது வெட்டவெளியில் தார்ப்பாய்க்குக் கீழே ஓடுகிறது. என் கணவர் பிறந்த நாளன்று வீட்டில் விளக்கேற்றுவதோடு சரி. மகள் எழுபதாவதைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள். அவர் எழுந்து போய்விட்டார். மாலா என்னோடு பேசுகிறாள். நன்றாகத்தான் பேசுகிறாள். அண்ணி, சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். ஒரு நாளாவது என்னைத் திட்டினால் தேவலை என்று இருக்கும். திட்ட மாட்டாள்.

சிரித்துக் கதை சொல்கிறவர்களுக்கு மீதி இது.

கொட்டகைக்குள் போனவர்கள் இருபத்து மூன்று. காய்ச்சல் கண்டவர்கள் பதினேழு. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஆறு. கூடத்தில் ஜன்னல் திறந்து உட்கார்ந்திருந்த ஐம்பது பேரில் காய்ச்சல் கண்டவர்கள் நான்கு. அதில் நான் ஒருத்தி. நான் கதவைத் திறந்தவள்.

திரும்பி வராதவர்கள் மூன்று. நடராஜன் அண்ணன், வயது அறுபத்து ஒன்று. கோமதி, வயது நாற்பத்து ஏழு. சுந்தர், வயது ஐம்பத்து இரண்டு.

மாலாவுக்கு இடது நுரையீரல் சரியாக வேலை செய்வதில்லை. இரண்டு படி ஏறினால் நிற்கிறாள். சுந்தரின் கடை பூட்டிக் கிடந்தது, பிறகு கைமாறிப் போயிற்று. கார்த்திகாவுக்கு வந்த ஒரு நல்ல வரன் அந்த வருடத்தோடு தட்டிப் போனது.

இன்னும் ஒரு கணக்கு பாக்கி. அது மட்டும் எனக்கு வரவில்லை. கதவைத் திறந்த பிறகு கொட்டகை ஆட்களுக்குப் பந்தி போட்டோம். இலை இருபத்து இரண்டு. சுந்தர் உட்காரவில்லை. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டான். கடைசியில் உட்காருகிறேன் என்றான். நான் சம்பந்தி வீட்டாரை வழியனுப்ப வாசலுக்குப் போய்விட்டேன். மாலாவைக் கேட்டேன். கார்த்திகாவைக் கேட்டேன். சமையல்காரரைத் தேடிப் போய்க் கேட்டேன். யாருக்கும் நினைவில்லை. போலீஸ்காரருக்கு எத்தனை கரண்டி சாதம் வைத்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன். என் தம்பி அன்றைக்குச் சாப்பிட்டானா என்று எனக்குத் தெரியாது.